வேறொருத்தி விரித்த படுக்கை

செத்தாலும் நான் ஹோட்டல் கட்டிலில் படுக்கமாட்டேன். விரிப்பை மாற்றுகிறோம், அது உண்மை. ஆனால் வடிவுக்கென்று மேலே ஒரு பூப்போட்ட கனத்த போர்வை போட்டிருக்கிறார்களே, அதைக் கடைசியாக எப்போது துவைத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள், ஒருத்தரும் வாய் திறக்கமாட்டார்கள். அதன்மேல்தான் சப்பாத்தோடு கால் நீட்டுவார்கள், பீட்சா வைத்துத் தின்பார்கள், நகம் வெட்டுவார்கள். குளிக்கிற இடத்தில் தண்ணீர் போகிற துளையைச் சுற்றி முடி சுருண்டு கிடக்கும். கட்டிலின் தலைமாட்டுப் பலகைக்குப் பின்னால் சப்பித் துப்பிய சுவிங்கம் ஒட்டியிருக்கும். எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிய அரியண்டம் குளித்துத் துடைத்துவிட்டு நிலத்தில் போடுகிற ஈரத்துவாய். கொழுவுவதற்குக் கம்பி இருக்கிறது, கொழுவுவதற்குக் கையும் இருக்கிறது, ஆனாலும் நிலத்தில்தான் போட்டுவிட்டுப் போவார்கள். யாரோ ஒருத்தி குனிந்து எடுப்பாள் என்கிற நினைப்பு. அந்த ஒருத்தி நான்தான். குனிகிற ஒவ்வொரு முறையும் எனக்கு வாந்தி வருகிற மாதிரி ஓங்காளம் வரும்.

என் பெயர் கொறற்றி, பாஷையூர்க்காரி. பெர்லினில் மேற்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் பல வருடமாக அறை துப்புரவாக்குகிறேன். நான் சொல்ல வந்தது என் கதை இல்லை, என்னோடு ஒரே மாடியில் வேலை செய்த சரளாவின் கதை. சொல்கிறவள் நான் என்பதால் என் வாயையும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரளா தெல்லிப்பழைப் பக்கத்துப் பெண். எண்பதுகளின் கடைசியில் அகதியாக வந்தவள். மெல்லிய உயரமான மனிசி, அதிகம் கதைக்கமாட்டாள். நான் அறைக்குள் போகும்போதே திட்டிக்கொண்டு போவேன், அவள் கையுறையைப் போட்டுக்கொண்டு தொடங்கிவிடுவாள்.

எங்கள் ஹோட்டலுக்கு வருகிற சனம் பெரும்பாலும் சூடான நாடுகளுக்கு விடுமுறைக்குப் போய் வருகிறவர்கள். பிளேனால் இறங்கி, ஊருக்குப் போக ரயில் இல்லாமல் ஒரு இரவு தங்குவார்கள். அவர்கள் போன பிறகு அறையைப் பார்க்கவேண்டும். கட்டில் முழுக்க மணல். வெயிலில் வெந்து உரிந்த தோல், சின்னச் சின்னத் துண்டாக விரிப்பில் ஒட்டியிருக்கும். அங்கே போய்க் கருகி, இங்கே வந்து உதிர்ப்பார்கள். எனக்கு அதைத் தட்டும்போது மத்தியானச் சாப்பாடு வேண்டாம் என்று போய்விடும். அதோடு அவர்கள் கடற்கரையில் கிடந்து வாசித்த புத்தகங்களையும் விட்டுவிட்டுப் போவார்கள். உப்புத்தண்ணீர் குடித்து ஊதிப்போய், கிறீம் எண்ணெய் பட்டு, பக்கங்களுக்குள் மணல் நெருநெருக்கும் புத்தகங்கள்.

அந்தப் புத்தகங்களைத்தான் சரளா எடுப்பாள். விடுபட்ட சாமானை எல்லாம் கீழே ஒரு அலுமாரியில் கொஞ்சக்காலம் வைத்திருக்க வேண்டும், ஒருத்தரும் கேட்டு வராவிட்டால் கண்டெடுத்தவர் கொண்டுபோகலாம். புத்தகத்தைக் கேட்டு ஒருத்தரும் வந்ததில்லை.

"சீ, அதை ஏன் தொடுறாய்?" என்பேன். "எந்தச் சனியன் அதை எங்கை வைச்சு வாசிச்சுதோ ஆருக்குத் தெரியும்."

"மணல்தானே கொறற்றி. தட்டினாப் போயிடும்."

தட்டி, ஹீட்டரில் காயவைத்து, மத்தியானத்தில் விரிப்புகள் அடுக்குகிற அறையில் துவாய் மூட்டைமேல் இருந்து வாசிப்பாள். அப்படித்தான் அவள் டொச், அதுதான் ஜெர்மன் மொழி, படித்தாள். கொலைக்கதை, டாக்டர்மாரின் காதல்கதை, எது கிடைத்தாலும் சரி. நான் ஒரு நாள் கேட்டேன், உதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று. அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்.

"கதை பெரிசா ஒண்டுமில்லை. ஆனா இதை வாசிச்ச மனிசி எப்பிடிக் கிடந்து வாசிச்சிருப்பாள் எண்டு நினைப்பன். ஆரோ விரிச்ச படுக்கை. ஆரோ வைச்ச சாப்பாடு. ஒருத்தரும் கூப்பிடமாட்டினம். எனக்கும் ஒருக்கா அப்பிடிக் கிடக்கவேணும் கொறற்றி. ஒரு கிழமை, ஏழு நாள் போதும்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

அவளின் புருசன் நடேசன். இத்தாலியன் சாப்பாட்டுக் கடையில் குசினி வேலை. நல்ல மனிசன் என்று ஊர் சொல்லும். ஊருக்கு நல்ல மனிசனாக இருக்கிறவனோடு வீட்டுக்காரி படுகிற பாட்டை ஊர் பார்ப்பதில்லை. எங்கள் சனம் கூடுதலாக இருக்கிற நொய்கெல்ன் பக்கத்தில் ஆர் எதைக் கேட்டாலும் "ஓம், ஓம், செய்வம்" என்பான். அந்த ஓமை நிறைவேற்றுவது சரளா. கோயில் அன்னதானத்துக்கு நூறு பேருக்கு வடை என்று இவன் ஒப்புக்கொண்டு வருவான், மாவரைப்பது அவள். வீட்டிலும் படுக்கை விரிப்பது அவள், வேலையிலும் அவள்.

இரண்டாயிரத்து மூன்றில் இவர்களுக்கு ஜெர்மன் பாஸ்போர்ட் கிடைத்தது. மகன் படிக்க டார்ம்ஸ்டாட்டுக்குப் போய்விட்டான். ஊரில் சண்டை நின்று, யாழ்ப்பாணத்துக்குப் பாதையும் திறந்திருந்தது. நொய்கெல்ன் தமிழ்க்கடையில் எந்த நேரமும் ஊர்ப்பயணக் கதைதான். சரளா வாய் திறந்தது அப்போதுதான். விருந்தாளிகள் அறையில் விட்டுப்போன பயணப் புத்தகம் ஒன்றை எத்தனை நாளாகப் பார்த்து வைத்திருந்தாளோ தெரியாது, நீர்கொழும்புக் கடற்கரையில் ஒரு ஹோட்டலைக் காட்டினாள். முதல் கிழமை அங்கே, அடுத்த கிழமை யாழ்ப்பாணம்.

நடேசன் துள்ளினான். நான் அன்று அவர்கள் வீட்டில்தான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

"ஊருக்குப் போய் ஹோட்டலிலை நிக்கிறதோ? உனக்கென்ன விசரோ? அக்கான்ரை காதிலை விழுந்தா, எங்கடை வீடு உங்களுக்கு வீடாத் தெரியேல்லையோ எண்டு கேப்பா. சனம் காறித் துப்பும்."

அவன் சொன்னதிலும் பொய்யில்லை. எங்கள் ஆட்களிடம் அது பெரிய அவமரியாதை. சொந்தக்காரர் இருக்கிற நாட்டில் காசு கொடுத்துப் படுத்தால், அவர்கள் வீட்டுப் பாயில் காறித் துப்பியது மாதிரித்தான் எடுப்பார்கள்.

சரளா தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "முதல் கிழமை ஹோட்டல். இல்லாட்டி நீங்கள் தனியப் போயிட்டு வாங்கோ. நான் வரேல்லை."

அவள் குரல் உயரவில்லை. ஆனால் நடேசன் அடங்கிப்போனான். பிறகு அந்தப் பயணப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினான். சாப்பாடும் குடிவகையும் எல்லாம் கட்டின காசுக்குள்ளேயே என்று எழுதியிருந்ததைக் கண்டதும் முகம் மாறிவிட்டது. அந்த முகத்தைப் பார்க்கவே எனக்கு அருக்குளித்தது.

சரளா கொண்டுபோவதற்கென்று ஒரு அடுக்குப் புத்தகம் எடுத்து வைத்தாள். அதில் ஒன்று தடித்த புத்தகம், அட்டையில் நீலக்கடல். புருசன் செத்த ஒரு மனிசி தீவொன்றில் இருக்கிற வீட்டை விற்கப்போய், விற்க மனமில்லாமல் அங்கேயே நின்றுவிடுகிற கதை என்று பின்னட்டையில் போட்டிருந்ததாம். அதை அவள் எடுத்து இரண்டு வருடம். ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. கடற்கரையில்தான் வாசிப்பேன் என்று அப்படியே வைத்திருந்தாள்.

பிறகு தொடங்கியது பார்சல். எங்கள் சனத்தைத் தெரியும்தானே, ஒருத்தர் ஊருக்குப் போகிறார் என்றால் போதும். "அண்ணை, சின்னப் பார்சல் ஒண்டு" என்பார்கள். திறந்து பார்த்தால் உள்ளே அழுத்தச் சட்டி. சவுக்காரம், சொக்லேட், சீனி வருத்தக் குளிசை, சப்பாத்து. ஒருத்தி பை நிறையப் பழைய உடுப்புக் கொண்டுவந்து வைத்தாள், ஒன்றும் தோய்க்கவில்லை, கக்கத்து நாற்றம் மூக்கில் அடிக்கிறது. கேட்டால் "அங்கை தோய்ப்பினம்தானே" என்கிறாள். மாதாவே! நடேசன் வாசலில் நின்று, "வையுங்கோ, வையுங்கோ, இடம் கிடக்கு" என்று வாங்கி வாங்கி வைக்கிறான்.

இடம் எங்கே கிடந்தது? சூட்கேசைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, அவன்தான் ஒவ்வொரு புத்தகமாக வெளியே எடுத்துப் போட்டான். "கடலைப் பார்க்கப் போற இடத்திலை ஆரும் புத்தகம் பார்ப்பினமோ?" என்றான். சரளா அந்தத் தடித்த புத்தகத்தை மட்டும் பிடுங்கித் தன் கைப்பைக்குள் வைத்தாள்.

அவள் திரும்பி வந்து வேலைக்கு வந்த முதல் நாள் நான் பயந்துவிட்டேன். விடுமுறை போனவள் மாதிரியா இருந்தாள்? கண் இரண்டும் உள்ளே போயிருந்தது. விரிப்பு அறையில் அவளைப் பிடித்து இருத்தினேன்.

"எப்பிடி, நல்லாயிருந்ததோ?"

"இருந்தது."

"புத்தகம்?"

அவள் கைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். நான் பாஷையூரில் பிறந்து மீனோடு வளர்ந்தவள். மீன் மணம் எனக்கு மணமே இல்லை. ஆனால் புத்தகத்துக்குள்ளிருந்து பழைய பொரித்த மீன் மணம் வந்தால் ஆருக்குத்தான் வயிற்றைப் பிரட்டாது? நீலக்கடல் அட்டை எண்ணெய் ஊறிக் கறுத்துக் கிடந்தது.

பிறகுதான் சொன்னாள். பிளேன் ஏறுவதற்கு முதல்நாள் நடேசன் யாழ்ப்பாணத்தில் இருக்கிற தமக்கைக்குப் போன் எடுத்திருக்கிறான். ஹோட்டலில் நிற்கிறோம் என்றால் கோபிப்பாளே, அதனால் சமாளிக்கிறாராம்: "அக்கா, நீங்களும் வாங்கோவன். சாப்பாடு எல்லாம் சும்மா." அவள் விடுவாளா? வான் பிடித்து, புருசன், பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரி என்று ஒரு கூட்டத்தையே ஏற்றிக்கொண்டு வந்து இறங்கிவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி எதற்கு என்றால், அவள் கடல் பார்க்க வந்தாளாம். யாழ்ப்பாணத்தைச் சுற்றிவரக் கடல்! அதை விட்டுவிட்டு நீர்கொழும்புக்கு வந்துதான் பார்க்க வேண்டுமாம்!

வாசலில் காவல்காரன் விடவில்லை. கடற்கரைப் பக்கத்தில் மதில் இல்லை என்று நடேசன் கண்டுபிடித்தான். பிறகென்ன, பகலெல்லாம் அந்தப் பக்கத்தால் உள்ளே வந்து, இரவில் அறைக்குள்ளேயே பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். கட்டிலில் தமக்கையும் பிள்ளைகளும். சரளா வெளி விறாந்தையில் கதிரையில்.

சாப்பாட்டு மண்டபத்துக்குப் போக, கையில் ஹோட்டல்காரர் கட்டிவிட்ட பட்டி வேண்டும். பட்டி இரண்டு பேருக்குத்தான். நடேசனுக்குக் கூச்சமாம், ஆம்பிளை எப்படிப் பையோடு போவது? சரளாதான் போனாள். தட்டில் போட்டு, ஒருத்தரும் பார்க்காத நேரம் கடதாசித் துவாயில் சுற்றிக் கைப்பைக்குள். பணிஸ், கோழி, பொரித்த மீன். கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்பவும் போவாள். தமக்கையின் மகனுக்கு இறால் பிடிக்குமாம், அதற்கு இன்னொரு தரம். பக்கத்து மேசையில் இருந்த வெள்ளைக்காரி ஒருத்தி கண்டுவிட்டுப் புருசனுக்குக் காட்டினாளாம்.

"அதுகூடப் பரவாயில்லை கொறற்றி," என்றாள். "காலமை அறை கூட்ட ஒரு சிங்களப் பொம்பிளை வந்தவ. கதவைத் திறந்தவுடனை உள்ளுக்குக் கிடக்கிற கோலத்தைப் பார்த்தா. அந்த முகத்தை எனக்குத் தெரியும். நானும் நீயும் ஒவ்வொரு நாளும் வைச்சிருக்கிற முகம்தானே. எனக்குச் செத்துப்போகலாம் போலை இருந்தது. வேண்டாம் எண்டு சொல்லி, அவவின்ரை தும்புத்தடியை வாங்கி நானே கூட்டினன். அண்டையிலையிருந்து ஒவ்வொரு நாளும் நான்தான் கூட்டினது. கக்கூஸும்தான்."

"எவ்வளவு வாசிச்சாய்?"

"முதல் பக்கம். அதையே திருப்பித் திருப்பி."

நான் எழும்பி ஒரு துவாய்க் கட்டைக் காலால் உதைத்தேன். வேறு என்ன செய்ய?

அந்தச் சனிக்கிழமை தமிழ்க்கடையில் நடேசனைக் கண்டேன். முருங்கைக்காயை முறித்து முறித்துப் பார்த்துக்கொண்டு, கடைக்காரருக்கு நீர்கொழும்புப் புழுகு புழுகிக்கொண்டிருந்தான். "ஹோட்டல் எண்டா அதுதான்! இருந்த இடத்துக்குச் சாப்பாடு! ராசா மாதிரிக் கிடந்தம்!"

"சரளாவும் ராசாத்தி மாதிரியோ கிடந்தவ?" என்றேன்.

"அவவோ?" என்று சிரித்தான். "அவவைத் தெரியாதே உங்களுக்கு? சும்மா இருக்கச் சொன்னாலும் இருக்கமாட்டா. அங்கையும் விளக்குமாறும் கையும்தான். சொர்க்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாலும் கூட்டிக்கொண்டுதான் நிப்பா. அது அவவின்ரை குணம், என்ன செய்யிறது?"

கடைக்காரரும் சிரித்தார். எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது.

"குணமோ? வாயைக் கழுவுங்கோ நடேசண்ணை. கூட்டம் சேர்த்துக் குப்பை போட்டது நீங்கள். அள்ள விட்டதும் நீங்கள். இப்ப அதுக்குக் குணம் எண்டு பேர் வைக்கிறியளோ? வெக்கமா இல்லை?"

கடையில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். நான் வாங்க வந்த கருவேப்பிலையைக்கூட வாங்காமல் வந்துவிட்டேன். ஆனால் அந்தச் சொல் என்னை விடவில்லை. குணமாம். அவள் ஆசைப்பட்டதைப் பறித்ததும் காணாமல், அவளுக்கு அந்த ஆசையே இல்லை என்று ஊருக்குச் சொல்லித் திரிகிறான். அந்தக் கதை சரளாவின் காதுக்கும் போயிருந்தது.

நவம்பரில் ஹோட்டல் வெறிச்சோடிக் கிடக்கும். அந்த நேரம் வேலைக்காரருக்கு அறையைக் குறைந்த விலைக்கு விடுவார்கள். எங்கள் ஆட்களில் ஒருத்தரும் அதைக் கேட்டதில்லை. எவளுக்கு விசர், தான் கழுவுகிற கக்கூசுக்குக் காசு கொடுத்துப் போவதற்கு? சரளா கேட்டாள். எங்கள் மாடியிலேயே, கடைசி அறை. இரண்டு இரவு.

"உனக்கென்ன பிடிச்சிட்டுது?" என்று கத்தினேன். "அந்தக் கட்டிலிலை என்னென்ன நடந்தது எண்டு உனக்குத் தெரியாதோ?"

"நீ விரிச்சா நான் படுப்பன்," என்றாள்.

வீட்டில் நடேசனிடம் "நான் உர்லவுப் போறன்" என்று சொல்லிவிட்டு வந்தாளாம். இங்கே விடுமுறைக்கு எல்லாரும் சொல்லுகிற சொல்தான் அது. எங்கே என்று கேட்டானாம். வேலை செய்கிற இடத்துக்கு என்றாளாம். பகிடி என்று நினைத்துச் சிரித்திருக்கிறான்.

அன்று மத்தியானம் நான் என் தள்ளுவண்டியோடு போய்க் கடைசி அறைக் கதவைத் தட்டினேன். திறந்தாள். உள்ளே பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. கட்டில் விரிப்பு ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துச் செருகியிருந்தது. தலையணைகள் நேராக. குளியலறை ஒரு துளித் தண்ணீர் இல்லாமல் துடைத்திருந்தது. சரளா குளிர்க்கோட்டைக்கூடக் கழற்றாமல் கதிரை நுனியில் போய் இருந்தாள். மடியில் அந்த மீன்மணப் புத்தகம், மூடியபடி.

"ஏலாமக் கிடக்கு கொறற்றி," என்றாள். "படுத்தா விரிப்பு கசங்குது. எழும்பி இழுக்கிறன். திரும்பப் படுக்கிறன், திரும்ப எழும்புறன். இந்தாள் சொன்னது சரிதான் போலை. என்ரை குணம்தான்."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். அந்தோனியாரே, எனக்கு வந்த கோபத்துக்கு அந்த அறையையே உடைத்திருப்பேன். பூப்போட்ட போர்வையை உருவி வெளியே எறிந்தேன். விரிப்பை, உறையை, எல்லாவற்றையும் உரித்தேன். விரிப்பு அறைக்கு ஓடிப்போய், பெரிய ஆட்கள் வந்தால் போடுவதற்கென்று பூட்டி வைத்திருக்கிற புது விரிப்பையும் புதுக் குளிர்ப் போர்வையையும் தூக்கிக்கொண்டு வந்தேன். விரிக்கத் தொடங்கியதும் இவள் எழும்பி மற்ற முனையைப் பிடித்தாள்.

"கையை எடு!"

"ஒரு மூலைதானே—"

"எடுடி கையை! நீ இஞ்சை விருந்தாளி. போய் இரு!"

போய் இருந்தாள், கை இரண்டையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு. நான் விரித்தேன். சொல்லக்கூடாது, அவ்வளவு வடிவாக நான் எந்தக் கட்டிலும் விரித்ததில்லை. கோட்டைக் கழற்றி, சப்பாத்தைக் கழற்றி, பிள்ளையைக் கிடத்துவது மாதிரிக் கிடத்தினேன். அந்த நேரம் பார்த்து அவளின் கைத்தொலைபேசி அடித்தது. அவள் எழும்ப முதல் நான் எடுத்துவிட்டேன்.

"எங்கை நிக்கிறாய்?" நடேசன். "மிளகாய்த்தூள் போத்தலை எங்கை வைச்சனி?"

"இஞ்சை ஒரு விருந்தாளி படுத்திருக்கிறா," என்றேன். "எழுப்பேலாது."

வைத்துவிட்டேன். போர்வைக்குள்ளிருந்து சரளா சிரித்தாள். தொந்தரவு செய்யவேண்டாம் என்கிற அட்டையைக் கதவில் கொழுவிவிட்டு நான் என் வேலைக்குப் போனேன். அடுத்த நாளும் அட்டை தொங்கியது. அந்தக் கதவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே என்ன செய்கிறாள்? யன்னல் துடைக்கிறாளா? துடைத்தாலும் துடைப்பாள்.

அறையைவிட்டு அவள் போகிற நாள், நான் வேலைக்கு வருவதற்கு முன்னமே போய்விட்டாள். கதவைத் திறந்தேன்.

போர்வை பாதி கட்டிலில், பாதி நிலத்தில். தலையணை ஒன்று கால்மாட்டில் கிடந்தது. விரிப்பு முழுக்க பிஸ்கட் தூள். மேசையில் கோப்பி வட்டம், பக்கத்தில் தோடம்பழத் தோல். குளியலறைக் கண்ணாடியில் பற்பசை தெறித்திருந்தது, துளையில் நீள முடி சுருண்டிருந்தது. நடு நிலத்தில் ஒரு ஈரத்துவாய்.

கட்டில் பக்கத்து மேசையில் அந்தப் புத்தகம் கிடந்தது. கடைசிப் பக்கத்தில் பிஸ்கட் கடதாசி செருகியிருந்தது. மற்ற விருந்தாளிகள் மாதிரியே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

நான் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். நடேசனைக் காதில் பிடித்து இழுத்துவந்து காட்டவேண்டும் போல இருந்தது. பிறகு எழும்பி, குனிந்து, அந்தத் துவாயை எடுத்தேன். அன்றைக்கு மட்டும் எனக்கு ஓங்காளம் வரவில்லை.

அடுத்த நாள் சரளா வேலைக்கு வந்தாள். கையுறையைப் போட்டுக்கொண்டே, "அறை எப்பிடிக் கிடந்தது?" என்று கேட்டாள்.

"சீ! பன்றி மாதிரியெல்லோ கிடந்திருக்கிறாய்," என்றேன்.

"ஓம்," என்றாள் சரளா. அப்படியொரு சந்தோசத்தை அவள் முகத்தில் நான் முன்னம் கண்டதில்லை.